வழிச்சோறு: ஆயுள் காப்பீட்டின் முன்பயன் குறித்து ஒரு சொற்பொழிவு



முப்பத்துமூன்று வருஷ காலம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, இறந்தவர்களுடைய காகிதங்களைப் படித்துப் படித்து முடிவு எழுதியவன் என்ற முறையில், ஆயுள் இன்சூரன்ஸைப் பற்றிப் பேசும்படி இந்த வாசகசாலையார் என்னை அழைத்திருக்கிறார்கள். விஷயம் பெரிது, அதில் ஒரு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு மனிதர் தம் மரணத்துக்குப் பிறகு மனைவி மக்களுக்குச் சேரவேண்டும் என்று பிரீமியம் கட்டிச் சேர்த்துவைத்த தொகையை, அவர் தீராத நோய்வாய்ப்பட்டுக் கிடக்கும்போது, உயிர் இருக்கையிலேயே அவர் கையில் கொடுப்பது தக்கதா, தகாததா என்பதே நான் ஆராய விரும்பும் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புஸ்தகத்திலிருந்து வந்ததன்று. பல வருஷங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதத்துக் காலையில், முப்பது வயதுக்கு மேற்படாத ஒரு பெண்மணி மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன் வந்து நின்றார். பஸ் கண்டக்டராக இருந்த கணவர் வயிற்றில் கட்டி வந்து எட்டு மாதம் படுத்திருந்து போய்விட்டார். பையிலிருந்த காகிதங்களை அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் மேஜைமேல் பரப்பினேன்: நாலாக மடித்த பாலிசி பத்திரம், குண்டூசியில் கோத்த பிரீமியம் ரசீதுகள் நான்கு, மரணச் சான்றிதழ், பிறகு ஆஸ்பத்திரி ரசீதுகள், மருந்துக் கடைச் சீட்டுகள், ஸ்கேன் எடுத்ததற்கான பில். ரசீது நான்குதான், அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் பாலிசி. ஐந்தாவது தவணை மார்ச் மாதம் கட்டியிருக்கவேண்டும். தவணைத் தேதிக்குப் பின்னும் கட்டுவதற்கென்று விடும் அருள் நாட்களான முப்பதும் கடந்து ஏப்ரல் முடிந்து, ஜூன் மாதத்தில் அவர் இறந்திருந்தார். கட்டாமற்போன தவணையைப் போல ஏழு மடங்கு தொகை, அதே மார்ச் மாதத் தேதியிட்ட ஸ்கேன் பில்லில் இருந்தது. அந்த இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்த நிமிஷத்தை இன்றளவும் நான் மறக்கவில்லை. இரண்டு வருஷமே ஓடிய பாலிசியாகையால் சலுகை காட்டவும் விதியில் இடமில்லை. பாலிசி காலாவதியாகிவிட்டபடியால் தொகை வழங்க இயலாது என்று நானே கடிதம் தயாரித்தேன். நானே ஒப்பமும் இட்டேன்.

நோயாளியின் வீட்டில் பணம் மருந்துக்குப் போகிறது, பிரீமியத்துக்குப் போவதில்லை. இது இயற்கை. ஆனால் அந்த வீட்டிலே, மருந்துக்கும் பிரீமியத்துக்கும் சேர்த்துப் போதக்கூடிய ஒரு பெருந்தொகை பீரோவுக்குள் காகித வடிவில் தூங்கிக்கொண்டிருந்ததே, அதை எழுப்ப ஒரு வழி வேண்டாமா என்பதுதான் அன்று முதல் என் மனத்தை அரித்த விசாரம்.

அந்த வழி அயல்நாடுகளில் ஏற்பட்டு, நம் நாட்டுப் பாலிசிகளுக்குள்ளும் இப்போது வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், மரணத்தையே விரைவுபடுத்துவது போன்ற விபரீத அர்த்தம் தொனிக்கும். ஆகையால் 'முன்பயன்' என்று நான் அழைக்கப்போகிறேன்; மரணப் பயனை முன்னதாகப் பெறுவது என்று பொருள்.

இதன் வரலாற்றில் இரண்டு மனிதர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் தென்னாப்பிரிக்காவின் மரியஸ் பர்னார்டு என்ற அறுவை மருத்துவர். 1967 டிசம்பரில் கேப் டவுன் நகரத்தில் உலகத்தின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. அந்தக் குழுவில் தாமும் பணியாற்றியவர். மருத்துவத்தால் உயிர் பிழைத்த தம் நோயாளிகள் பணமில்லாமையால் சீரழிவதைக் கண்டு மனம் நொந்து, மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், இதயத் தமனி மாற்று அறுவை ஆகிய நான்கில் ஒன்று நேர்ந்த மாத்திரத்தில் தொகை கொடுக்கும் பாலிசியை 1983ஆம் ஆண்டில் அங்கே ஏற்படச் செய்தார். இன்று 'கிரிட்டிகல் இல்னஸ்' என்று ஏஜெண்டுகள் சொல்லும் சமாசாரத்தின் பிறப்பிடம் அதுவே. செத்தால் மட்டுமே பேசும் பத்திரத்தை, வாழும்போது பேசவைத்தவர் ஒரு மருத்துவர் என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

மற்றொருவர் கனடாவில் புருடென்ஷியல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரான் பார்பாரோ. டொரன்டோ நகரத்தில் எய்ட்ஸ் நோயால் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களைப் பராமரிப்பதற்காக, ஜூன் கால்வுட் என்ற பத்திரிகையாளரின் முயற்சியால் 1988ஆம் ஆண்டில் கேசி ஹவுஸ் என்ற இல்லம் திறக்கப்பட்டது. விபத்தில் இறந்த தம் மகன் கேசியின் பெயரையே அந்த அம்மையார் அதற்கு இட்டார். அந்த இல்லத்துக்குச் சென்று வந்த பார்பாரோ, அங்கே படுத்திருந்த இளைஞர்கள் பாலிசி வைத்துக்கொண்டே கையில் காசில்லாமல், கடனும் அவமானமுமாக நாட்களைக் கழிப்பதைக் கண்டார். நிறுவனம் எப்படியும் சில மாதங்களில் கொடுக்கப்போகிற பணம் அது. கொடுக்கும் தேதியை மட்டும் முன்னே நகர்த்தினால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கும் வந்து, வெகு சீக்கிரத்தில் மற்ற நிறுவனங்களாலும் பின்பற்றப்பட்டது. 1996ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இருபத்துநான்கு மாதங்களுக்குள் மரணம் எதிர்பார்க்கத்தக்கது என்று மருத்துவர் சான்றளித்தவருக்குக் கிடைக்கும் முன்பயனுக்கு வருமான வரி இல்லை என்றாக்கிற்று.

இந்த இடத்தில் சற்றுத் தங்கி, இதே காலத்தில் இதன் பக்கத்திலேயே வளர்ந்த மற்றொரு வியாபாரத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. அதைக் கண்டு அஞ்சியவர்கள் பலர் முன்பயனையும் சந்தேகித்தார்கள். நோயாளியின் பாலிசியை அந்நியர் ஒருவர் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு, மீதிப் பிரீமியத்தைத் தாமே கட்டி, அவர் இறந்ததும் முழுத் தொகையையும் பெற்றுக்கொள்வது அந்த வியாபாரம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'வியாட்டிகம்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பயணம் புறப்படும் ரோமானியருக்கு வழிச் செலவுக்கென்று கொடுக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில், மரணப் படுக்கையில் இருப்பவருக்கு வழங்கும் திவ்விய நற்கருணைக்கும் அதுவே பெயராயிற்று. வடமொழியில் பாதேயம் என்பார்கள். நம் பாட்டிமார் கட்டுச்சோறு என்பார்கள். புளியோதரையை வாழையிலையில் பொதிந்து, துணியில் முடிந்து, 'வழியிலே பசிச்சா சாப்பிடு' என்று கொடுத்தனுப்பும் கை எவருடைய கை என்பதை நினைத்துப் பாருங்கள். பயணம் போகிறவர் நலமாய்ப் போகவேண்டும் என்று விரும்புகிற கை. அந்த அழகிய பெயரைத் தாங்கிய வியாபாரத்திலோ, சோற்றைக் கட்டிக் கொடுத்தவர், பயணி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருவார் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியவராக ஆனார்.

சட்டப்படி அதில் தவறில்லை என்று 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஓர் அறுவை சிகிச்சைக்குப் பணமில்லாத நோயாளி, தம் பாலிசியை நூறு டாலருக்கு, தமக்குச் சிகிச்சை செய்த மருத்துவருக்கே விற்றுவிட்டார். அவர் இறந்தபின் வழக்கு எழுந்தது. நீதிபதி ஹோம்ஸ், பாலிசி என்பதும் மற்ற உடைமைகளைப் போன்ற ஓர் உடைமையே, அதை விற்கும் உரிமையை மறுத்தால் அதன் மதிப்பையே குறைத்ததாகும் என்ற கருத்துப்பட எழுதினார். அந்நியருடைய உயிரின்மேல் பந்தயம் கட்டும் வழக்கத்தை ஒழிப்பதற்காக இங்கிலாந்தில் 1774ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் அச்சம் ஒருபுறம், உடைமையாளரின் சுதந்திரம் மறுபுறம் என்று இரண்டு நியாயங்கள் மோதிய வழக்கு அது. நம் நாட்டிலும், பாலிசி மாற்றிக் கொடுக்கத்தக்கதே என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அதே ஆண்டில் இன்சூரன்ஸ் சட்டத்தின் 38ஆம் பிரிவில் செய்யப்பட்ட திருத்தம், வியாபாரத்துக்காகச் செய்யும் மாற்றத்தைப் பதிவுசெய்ய மறுக்க நிறுவனத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது.

1996ஆம் ஆண்டில் வான்கூவர் நகரத்தில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளிகள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற செய்தி வெளியான போது, உலகமெல்லாம் மகிழ்ந்தது. பாலிசிகளை வாங்கி வைத்திருந்தவர்கள் மட்டும் கலங்கினார்கள். ஒரு மனிதன் பிழைத்தான் என்ற செய்தி துக்கச் செய்தியாக ஒலிக்கும் காது ஒன்றை உண்டாக்கிவிட்ட ஏற்பாட்டை, அது எத்தனை நோயாளிகளுக்குத் தக்க சமயத்தில் உதவியிருந்த போதிலும், என்னால் முழு மனத்தோடு போற்ற இயலவில்லை. முன்பயனில் அந்தத் தோஷம் இல்லை. இங்கே கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். பாலிசிதாரர் எவ்வளவு நாள் வாழ்கிறாரோ அவ்வளவும் அதற்கு லாபமே. பணம் கொடுப்பவரும் பெறுபவரும் நீண்ட ஆயுளையே விரும்புகிற உறவு அது. இந்த ஒரு காரணமே எனக்கு முன்பயனிடம் பெரிய நம்பிக்கையை உண்டாக்கியது.

ஆனால் நிறுவனம் இதைத் தர்மமாகக் கொடுப்பதாக எவரும் எண்ணவேண்டாம். கணக்குப் பார்த்தே கொடுக்கிறது, பார்க்கவும் வேண்டும். மூன்று முறைகள் வழக்கத்தில் உண்டு. முதலாவது, எதிர்காலத்தில் கொடுக்கவேண்டியதை இன்றைக்குக் கொடுப்பதால் இடைக்கால வட்டியைக் கழித்துக் கொடுப்பது. உதாரணமாக, பத்து லட்ச ரூபாய்ப் பாலிசியில் பாதியாகிய ஐந்து லட்சத்தை, ஓராண்டு முன்னதாக, எட்டுச் சதவீத வட்டி கழித்துப் பெற்றால், கைக்கு வருவது சுமார் 4,62,963 ரூபாய். இரண்டாவது, கொடுத்த தொகையைப் பாலிசியின்மேல் கடன்போல எழுதி வைத்து, இறந்தபின் வட்டியோடு பிடித்துக்கொள்வது. அதே ஐந்து லட்சத்தை அதே வட்டிக்கு இம்முறையில் பெற்றவர் ஒன்றரை வருஷம் உயிரோடிருந்தால், சாதாரண வட்டி அறுபதாயிரம் சேர்ந்து, குடும்பத்துக்கு மிஞ்சுவது நான்கு லட்சத்து நாற்பதாயிரம். மூன்றாவது, இந்த வசதிக்கென்று ஆரம்பத்திலிருந்தே தனிப் பிரீமியம் வாங்கிக்கொண்டு, சமயம் வந்தபோது கழிவில்லாமல் கொடுப்பது. எந்த முறையானாலும், இன்று பெற்றது நாளை மிஞ்சுவதிலிருந்து போகிறது என்பதை நோயாளி மட்டுமன்றி அவர் மனைவியும் ஒரு காகிதத்தில் எண்களாக எழுதிப் பார்க்கவேண்டும். 'மீதி வரும்' என்று வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் எண்ணைக் கண்டு திடுக்கிட்ட விதவைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டுப் பாலிசிகளைப் பற்றி நடைமுறையாகச் சில சொல்ல வேண்டும். 1990களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் 'ஆஷா தீப்' என்ற திட்டத்தை நடத்தியது. புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, இதயத் தமனி அறுவை ஆகியவற்றில் ஒன்று திட்டத்தில் சொன்னபடி நேர்ந்தால், காப்புத் தொகையில் பாதி உடனே கிடைக்கும். பிறகு ஆண்டுதோறும் பத்துச் சதவீதம். மேற்கொண்டு பிரீமியம் கட்டவேண்டியதில்லை. மீதிப் பாதி, போனஸோடு, மரணத்திலோ முதிர்விலோ கிடைக்கும். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் வீட்டு நிலைமை அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றும். ஏனெனில் பணம் கொடுத்ததோடு பிரீமியச் சுமையையும் இறக்கி வைத்தார்கள். என் கண்டக்டரின் மனைவிக்கு வேண்டியிருந்தது முக்கியமாக அந்த இரண்டாவது உதவிதான்.

இக்காலத்து டெர்ம் பாலிசிகளில் பலவற்றில் 'டெர்மினல் இல்னஸ்' என்ற ஷரத்து இருக்கிறது. பெரும்பாலும், ஆறு மாதத்துக்குள் மரணம் நேரும் என்று தனித்தனியே இரண்டு மருத்துவர்கள் சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. சில பாலிசிகள் முழுத் தொகையையும் கொடுத்து அத்தோடு முடிந்துவிடும்; சில ஒரு பங்கையே கொடுக்கும். கிரிட்டிகல் இல்னஸ் இணைப்பு எடுத்தவர்கள், அது மூலத் தொகையிலிருந்து கழியும் வகையா, மூலத் தொகைக்கு மேல் தனியாகக் கிடைக்கும் வகையா என்பதைப் பத்திரம் வந்த அன்றே பார்த்துவிடவேண்டும். இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; பலன் வெவ்வேறு. டெர்மினல் இல்னஸ் ஷரத்தின் ஆறு மாதத்தைப் பிரிட்டனில் சாதாரணமாகப் பன்னிரண்டு மாதம் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் படைவீரர்களின் காப்பீட்டில் ஒன்பது மாதம், பாதித் தொகை வரை.

ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. ஒரு மருத்துவர் தம் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எழுதுவது எளிதன்று. சிகாகோவில் கிறிஸ்டாகிஸ், லமான்ட் என்ற இருவர், மரணத்தை நெருங்கிய 468 நோயாளிகளைப் பற்றி அவர்களுடைய மருத்துவர்களிடம் ஆயுட்கணிப்புக் கேட்டு, நடந்ததோடு ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு கணிப்பே சரியாக இருந்தது. நூற்றுக்கு அறுபத்துமூன்று கணிப்புகள் உண்மையைக் காட்டிலும் அதிக நாளைச் சொன்னவை. மருத்துவர்கள் இரக்கத்தாலும் நம்பிக்கையாலும் கூட்டிச் சொல்கிறார்கள். அந்த இரக்கத்தின் விளைவாக, 'இன்னும் ஒரு வருஷம் இருப்பார்' என்று சொல்லப்பட்டவர் மூன்று மாதத்தில் போய்விடுகிறார். ஆறு மாத ஷரத்தின் கீழ் அவருக்குக் கிடைத்திருக்கவேண்டிய தொகை அவர் கண்ணில் படுவதேயில்லை. மருத்துவ நண்பர்கள் யாரேனும் இச்சபையில் இருந்தால், நோயாளியிடம் எப்படிப் பேசினாலும், சான்றிதழில் எழுதும்போது உங்கள் உள்ளத்தில் உள்ள எண்ணை எழுதுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, முன்பயன் கூடாது என்பவர்களுடைய வாதத்துக்கு வருகிறேன். அதை நான் இலேசாக எண்ணவில்லை. பாலிசி எடுத்த நாளில் அந்த மனிதர் செய்தது ஒரு சங்கல்பம்: நான் இல்லாத வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்பது. பயத்திலும் வலியிலும் இருக்கும் நோயாளியோ, பெற்ற பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் தாயோ, இன்னும் ஒரு சிகிச்சை, இன்னும் ஓர் ஊசி என்று அந்தச் சங்கல்பத் தொகையை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கொட்டிவிட்டால், கடைசியில் மனிதரும் இல்லை, பணமும் இல்லை என்றாகிறது. கடன் கொடுத்தவர்களும், பங்காளிகளும், 'இன்சூரன்ஸ் பணம் வந்திருக்காமே' என்று வாசலில் வந்து நிற்பார்கள். மரணத்துக்குப் பின் நாமினியிடம் அதைக் கேட்கத் தயங்குகிறவர்கள், உயிரோடிருப்பவரிடம் கேட்கத் தயங்குவதில்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவ உதவியைப் பெறுகிறவர்கள் கையில் இந்தப் பணம் வந்தால், சொத்துக் கணக்கு உயர்ந்து அந்த உதவியையே இழக்க நேரிடலாம்.

சட்டமும் இந்த வாதத்துக்குச் சில இடங்களில் துணை நிற்கிறது. 1874ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மனைவி மக்களின் நன்மைக்கென்று பத்திரத்திலேயே எழுதி எடுத்த பாலிசி ஒரு டிரஸ்டாகிறது. அது கணவரின் ஆதிக்கத்திலும் இல்லை, அவருடைய கடன்காரர்களின் பிடியிலும் இல்லை. அப்படிப்பட்ட பாலிசியில் தம் வைத்தியத்துக்கென்று கைவைக்க அவருக்கு உரிமை இல்லை. மற்றப் பாலிசிகளில் நாமினியின் உரிமை மரணத்துக்குப் பிறகே பிறக்கிறபடியால், கணவர் தனியாகவே கையெழுத்திட்டு முன்பயன் பெற்றுவிடலாம். சட்டம் மனைவியின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. நான் கேட்பேன். அந்தப் பணத்தை நம்பி அடுத்த முப்பது வருஷம் வாழவேண்டியவர் அவர்தான்.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தபின் என் அபிப்பிராயம் இது: முன்பயன் வேண்டும், ஆனால் பங்காக வேண்டும், எதற்கு என்பது தெளிந்து வேண்டும். கைவிட்டுப்போன நோயைத் துரத்துவதற்கு எந்தத் தொகையும் போதாது. கடைசி மாதங்களை மானத்தோடும் வலியில்லாமலும் கழிப்பதற்கோ பெருந்தொகை தேவைப்படுவதில்லை. வலிக்கு மருந்தாகிய மார்ஃபீன் மாத்திரை விலையுயர்ந்த வஸ்து அன்று. செலவாவது வேறு விஷயங்களில்: இரவில் கண்விழித்துப் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி, சம்பளமில்லா விடுப்பில் இருக்கும் மகனின் வீட்டு வாடகை, எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் மாதத்திலேயே அடகுக்குப் போன நகையின் வட்டி. கந்துவட்டிக்கு வாங்கிய கடன் இருக்குமானால் அதை அடைப்பதற்கு முன்பயனைப் போலச் சிறந்த வழி வேறில்லை. மாதம் நாலு ரூபாய், ஐந்து ரூபாய் வட்டியில் ஓடும் கடன், மிச்சம் வைத்த காப்புத் தொகையைக் காட்டிலும் வேகமாக வளர்ந்து அதை விழுங்கிவிடும். முதிர்விலும் தொகை தரும் எண்டோமெண்ட் பாலிசியாக இருந்தால், முன்பயனைக் கேட்பதற்கு முன், அதன் சரண்டர் மதிப்பின்மேல், அதாவது பாலிசியை இடையில் ஒப்படைத்தால் கிடைக்கும் தொகையின்மேல், கடன் கிடைக்குமா என்று பாருங்கள்; நடப்பிலுள்ள பாலிசிக்கு அதில் தொண்ணூறு சதவீதம் வரை கிடைப்பது வழக்கம். எக்காரணத்தைக் கொண்டும், நோயாளியின் பாலிசியைச் சரண்டர் செய்யாதீர்கள், தவணையைத் தவறவிடாதீர்கள். அரையாண்டு, காலாண்டு, ஆண்டுத் தவணைக்கு முப்பது நாள், மாதத் தவணைக்குப் பதினைந்து நாள் அருள் நாட்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், மருந்துச் சீட்டை வைக்கும் இடத்திலேயே பாலிசி ரசீதையும் வையுங்கள்.

இத்தனை நேரம் ஷரத்துகளைப் பற்றிப் பேசினேன். ஆனால் முன்பயன் நம் வீடுகளில் பயன்படாமற் போவதற்கு உண்மையான காரணம் ஷரத்துகளில் இல்லை என்பது என் அனுபவம். நோயாளிக்கு நோயின் பெயரை நாம் சொல்வதில்லை. 'சாதாரணக் கட்டிதான்', 'புண் ஆறிக்கொண்டு வருகிறது' என்று டாக்டரையும் சொல்லவைத்து, ஃபைலைப் பீரோவின்மேல் ஒளித்துவைக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் முன்பயன் விண்ணப்பத்தில் கையெழுத்திடவேண்டியவர் பாலிசிதாரரே. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, இன்ன நோய், இத்தனை மாதத்துக்குள் மரணம் என்று மருத்துவர் எழுதிய வாசகம் இருக்கும். தமக்கு வந்த நோயை அறியாத மனிதர், தம் பணத்தைக் கேட்க முடியாது.

என் பால்ய சிநேகிதர் ஒருவர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரலில் புற்று என்று தெரிந்தது. அவர் பாலிசியில், பாதி வரை முன்பயனாகப் பெற இடமிருந்தது. மகன் காகிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அவருக்குத் தெரியாமலே வாங்கிட முடியாதா?" என்று கேட்டான். முடியாது என்றேன். மூன்று வாரம் அந்த விண்ணப்பம் அவனுடைய ஸ்கூட்டர் பெட்டியிலேயே கிடந்தது. இதற்குள் மனைவியின் இரண்டு ஜோடி வளையல்கள் நகைக்கடன் கடைக்குப் போயிருந்தன.

ஒரு சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். சாய்வு நாற்காலியில் இருந்தார், காலில் வீக்கம், கண்ணில் மஞ்சள். மகன் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அந்தப் பாரத்தை அவன் உன்கிட்டக் கொண்டுவந்து எத்தனை நாளாச்சு?" என்றார். நான் வாயடைத்துப் போனேன். "நாப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். மாத்திரை எண்ணிக்கையைப் பார்த்தாலே விடை தெரியாதா? அவன் மனசு நோகுமேன்னு சும்மா இருந்தேன்" என்றார். ஒருவர் மனம் நோகக்கூடாதென்று மற்றவர் ஒளிக்க, தகப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டில் மூன்று வாரத்தை வீணாக்கியிருந்தார்கள்.

மகனைக் கூப்பிட்டு, பாரத்தைக் கொண்டுவரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருத்துவர் எழுதிய பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு மனைவியை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கழிவுக் கணக்கை அவருக்கு விளக்கும்படி என்னிடம் சொன்னார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மீதி எவ்வளவு வரும்?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். நண்பர் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் உறையைத் திருப்பி, பென்சிலால் போட்டார்: நகைக் கடன் அசலும் வட்டியும், ராத்திரி ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம், வண்டிச் செலவு, கண்மாய் நிறைந்திருப்பதாகக் கேள்விப்பட்ட தம் சொந்த ஊருக்கு ஒருமுறை போய்வரும் கார் வாடகை. கூட்டிப் பார்த்து, "பாதி வேண்டாம், கால் போதும்" என்றார். மீதியை அடியில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உறையை மனைவியிடம் கொடுத்தார்.

கையெழுத்திடும்போது விரல் நடுங்கிற்று. பத்திரத்தில் இருபது வருஷத்துக்கு முன் இட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள், பெருவிரல் ரேகை வைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அன்றைய தினசரியை எடுத்து மடியில் விரித்து, அதன் ஓரத்தில், பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, தம் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தார். பதினோராவது தடவையில் சுழி சரியாக வந்தது. உடனே பாரத்தை வாங்கி, அந்த வேகம் ஆறுவதற்குள் இட்டார்.